இடது பக்கத்து ஈரம்

நாராயணப்பன் காரைக் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியபோது பின் சீட்டில் அவருடைய சம்சாரம் ருக்மணியம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. கால் இரண்டையும் சீட்டின் மேலேயே மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் இடது காலடியில் சேர்ந்த தண்ணீர் பின்னால் வரைக்கும் ஓடிவந்து, கீழே விரித்திருந்த சாக்கு ஊறிக் கிடந்தது.

மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. லாரி ஒன்று போனால் ஓசூர் பாகலூர் ரோடு முழுக்கப் புழுதி எழுந்து, அது அடங்குவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் காருக்குள் தண்ணீர்.

நாராயணப்பன் இறங்கினார். கதவை ஓங்கிச் சாத்தினார். எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி வெங்கடசாமியிடம், உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"வெங்கடசாமி, இன்னிக்கி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இந்தத் தண்ணி தானா வருதா, ஆளு ஊத்தி வருதா? ஆளு ஊத்தினதுன்னா இங்கிருந்து நேரா நாகரசம்பட்டி. இவளோட அண்ணன் வூட்ல வுட்டுட்டு வந்துருவேன்."

வெங்கடசாமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தண்ணி எந்த வழியா வருதுன்னு சொல்றேண்ணா. யாரு ஊத்தினாங்கன்னு ஸ்பேனர் சொல்லாது."

எனக்கு அப்போதுதான் அந்தத் துணிப்பையின் அர்த்தம் புரிந்தது.

அந்தக் கார் எங்களுக்குப் பழக்கமான கார். பெங்களூரில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு என்ஜினியர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. கம்பெனிகள் கட்ட நிலம் எடுத்தார்கள் அல்லவா, அதில் நாராயணப்பனுடைய நிலமும் போயிற்று. அந்தப் பணத்தில் ஒரு வீடு கட்டினார், இந்தக் காரை வாங்கினார். கம்பெனி ஆபீசர்களை கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டிக் கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது, அதுதான் அவருக்குப் பிழைப்பு. ருக்மணியம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை என்பது ஊருக்கே தெரியும். தன் அண்ணன் ஊரான நாகரசம்பட்டியில் மாந்தோப்பாக வாங்கலாம் என்று அந்த அம்மா சொன்னதும், நாராயணப்பன் கேட்காமல் காரோடு வந்து நின்றதும் டீக்கடை வரைக்கும் பேசப்பட்ட சங்கதி. கார் வந்த பிறகு அந்த அம்மா அதில் ஏறியதே இல்லை என்பார்கள். இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறார் போலிருக்கிறது, அதுவும் இப்படி.

ஒழுகலுக்காக அந்தக் கார் எங்களிடம் வந்தது அதுதான் முதல் தடவை இல்லை. முன்கண்ணாடி ரப்பரை ஒருமுறை மாற்றினோம். இன்னொரு முறை சுற்றிலும் பசை வைத்து அடைத்தோம். ரேடியேட்டர் தண்ணீரோ என்று அதையும் பார்த்தோம், அதில் ஒரு சொட்டு குறையவில்லை. கொஞ்ச நாள் காயும், மறுபடி ஈரமாகிவிடும். ஆபீசர்கள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஒருத்தர் வேறு கார் பார்த்துக்கொண்டார். இப்படியிருக்கும்போது ஒரு விடியற்காலையில் நாராயணப்பன் எழுந்து வெளியே வந்தால், கார் கண்ணாடி நனைந்திருக்கிறது, பக்கத்தில் ருக்மணியம்மா செம்போடு நிற்கிறார். ஏன் ஊத்தினே என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் கேட்டார், அதற்கும் பதில் இல்லை. அதற்குமேல் நாராயணப்பனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. காரைப் பிடிக்காதவள் காரைக் கெடுக்கிறாள், அவ்வளவுதான். இதையெல்லாம் அவரே சொன்னார், டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல்.

வெங்கடசாமி பானட்டைத் திறந்தார். இனிப் பார்க்காத இடம் ஒன்றுதான் பாக்கி என்றார். பேட்டரிக்கு அடி.

மற்ற வண்டிகளில் பேட்டரி கண்ணெதிரே இருக்கும். இதில் முன்கண்ணாடிக்குக் கீழே தொட்டி மாதிரி ஒரு பள்ளம், அதற்குள்ளே பேட்டரி. அதற்கு மேலே வைப்பரை ஆட்டும் இரும்புக் கம்பி, அதற்கும் மேலே சல்லடை போல ஓட்டை போட்ட ஒரு தகடு. கண்ணாடியில் விழுகிற தண்ணீர் அந்தச் சல்லடை வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, தொட்டி மூலையில் இருக்கும் ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பும். நிரம்பினால் உள்ளே காற்று போகிற துவாரம் வழியாக இடது காலடியில் வழியும். இதை வெங்கடசாமி அப்போதுதான் யோசித்துச் சொன்னார். முன்னாலேயே யோசித்திருக்கலாம், ஆனால் அந்தப் பேட்டரியைக் கழற்றுவதை நினைத்தால் யாருக்குமே யோசனை அந்தப் பக்கம் போகாது.

"இந்த வண்டியச் செஞ்சவன் மொதல்ல பேட்டரிய வெச்சுட்டான், அப்பறமா அது மேல வண்டியக் கட்டிட்டான்" என்று சொல்லி, தெலுங்கில் அவனுடைய வம்சத்தையும் சேர்த்துக் கொஞ்சம் பேசினார்.

சல்லடைத் தகட்டைக் கழற்றினோம். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவந்து ஊற்றிக் கரைத்தோம். முதலில் நெகட்டிவ் ஒயர், பிறகு பாசிட்டிவ். அதுவரைக்கும் சுலபம். பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் பட்டைக்கு இரண்டு போல்ட்டு. முன்னால் இருந்தது கழன்றுவிட்டது. பின்னால் இருந்தது பேட்டரிக்கும் சுவருக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. வெங்கடசாமி கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டுக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டது. தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"திம்மப்பா, உன் கைய வுடு" என்றார்.

நான் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வருவதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகடு வைக்கிற நேரமும் மிஷின் இறங்குகிற நேரமும் ஒருநாள் ஒன்றாகிப்போயின. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஓசூரில் இது பெரிய விஷயமில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்தாலே தெரியும், யார் எந்த வேலை செய்தவர்கள் என்று. மூன்று விரல் கையை மறுபடி யாரும் மிஷினில் வைக்கவில்லை. வெங்கடசாமி வைத்துக்கொண்டார். ஒடுக்கமான இடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமையும் இல்லை, துக்கமும் இல்லை. கை போகிற இடத்துக்குப் போகும்.

மண்ணெண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையை இறக்கினேன். குட்டை ஸ்பேனரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கொஞ்சம் திருப்புவது, எடுப்பது, மறுபடி மாட்டுவது. போல்ட்டு அசைவதற்குள் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. நாராயணப்பன் என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார். நிழல் விழுகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசியில் போல்ட்டு வந்தது. பேட்டரிக்குக் கைப்பிடி கிடையாது. சாய்ந்தால் ஆசிட் கொட்டும். ஏற்கெனவே என் லுங்கிகள் எல்லாம் ஆசிட் பட்டுச் சல்லடையாகத்தான் இருக்கின்றன. அடியில் நாடாவை விட்டு நானும் வெங்கடசாமியும் இரண்டு பக்கமும் பிடித்து, வைப்பர் கம்பியில் இடிக்காமல், கைக்குழந்தையைத் தூக்குவது போல நேராகவே மேலே எடுத்துத் தரையில் வைத்தோம்.

தொட்டி முழுக்கக் கறுப்புத் தண்ணீர் நின்றது.

"பாரு" என்றார் நாராயணப்பன். மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

வெங்கடசாமி குரல் தணிந்து, தண்ணீர் யாரு ஊத்தினதாயிருந்தா என்ன, ஓட்டை அடைச்சிருக்குதான்னுதான் மொதல்ல பாக்கணும் என்றார். நான் மூலையில் கையை விட்டேன். மெத்தென்று ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. இலைச்சருகு என்றுதான் நினைத்தேன். பிடித்து இழுத்தேன், வரவில்லை. நூல் மாதிரி விரலில் சுற்றிக்கொண்டது. நூலேதான். பூச்சரம் கட்டுகிற நூல். ஒன்றல்ல, எத்தனையோ சரத்து நூல்கள் சிக்கலாகி ஒரு கட்டையாகிவிட்டிருந்தன. அதற்குள்ளே அழுகின பூ, ரோட்டுப் புழுதி படிந்து மண்ணாகிப்போன சேறு, அந்தச் சேற்றுக்குள் நொறுநொறுவென்று ஏதோ. விரலால் நசுக்கிப் பார்த்தேன்.

ராகி.

கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் அம்மா கெம்பம்மா, நாராயணப்பன் நிலம் இருந்த பக்கத்து நிலங்களில் களை எடுத்தவள். நானும் சின்ன வயதில் கூடப் போவேன். அங்கே ஒவ்வொரு நிலத்துக்கும் ஈசானி மூலையில் ஒரு கல் இருக்கும். வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்னால் அந்த நிலத்துக்கார வீட்டு அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பூ வைத்து, ஒரு சிட்டிகை ராகி தூவிவிட்டுப் போவார். வரும்போதும் போகும்போதும் யாரிடமும் பேச மாட்டார். செய்ததைச் சொல்லவும் மாட்டார். சொன்னால் பலன் போய்விடும் என்பார்கள். எதிரே நாங்கள் வந்துவிட்டால், அவர் போகிற வரைக்கும் எங்கள் அம்மா எங்களை வரப்பு ஓரமாக நிறுத்தி வைத்திருப்பாள். அந்தக் கல்லின் பக்கம் நாங்கள் போனதும் இல்லை, தொட்டதும் இல்லை.

குனிந்து பார்த்தால் நூலெல்லாம் மஞ்சள். அதே மஞ்சள், அதே பூ, அதே ராகி. இப்போது என் மூன்று விரலில்.

கையை வெளியே எடுக்காமலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எடுத்துக் காட்டினால் நாராயணப்பன் நினைத்தது நிஜம் என்று ஆகிவிடும். ஆமாம், அந்த அம்மாதான் ஊற்றினார். ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. அந்த வித்தியாசத்தை நான் எப்படிச் சொல்வது? சொல்வதற்கு நான் யார்?

வெங்கடசாமி எட்டிப் பார்த்தார். அவரும் புரிந்துகொண்டார். "எலக்குப்பைன்னு சொல்லி வீசிடு" என்று என் காதோடு சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வீசிவிட்டால் என்ன ஆகும்? வரும் வெள்ளிக்கிழமை அந்த அம்மா மறுபடி ஊற்றுவார். கொஞ்ச நாளில் மறுபடி அடைக்கும், மறுபடி இடது பக்கம் நனையும். அப்போது நாராயணப்பன் எங்களிடம் வர மாட்டார். நேரே நாகரசம்பட்டிதான்.

வெட்டின ஆயில் டின் ஒன்று கிடந்தது. அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து அதில் போட்டேன். கடைசிக் கட்டி வந்ததும் தொட்டித் தண்ணீர் மூலையில் சுழித்து இறங்கி, வண்டிக்கு அடியில் சொளசொளவென்று கொட்டியது. நாராயணப்பன் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் டின்னை எடுத்துக்கொண்டு ருக்மணியம்மாவிடம் போனேன். அவர் காரிலிருந்து இறங்கி, கழற்றிப் போட்ட ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தார். பை மடியிலேயே இருந்தது.

டின்னை அவர் காலடியில் வைத்தேன். அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டின்னைப் பார்த்துவிட்டு, குனிந்து, சேற்றுக்குள்ளிருந்து எதையோ நகத்தால் எடுத்தார். வெளிச்சமே காணாமல் வெள்ளை வெளேரென்று நூல் மாதிரி ஒரு முளை.

"மொளச்சிருக்குதா?" என்று கேட்டார்.

"மேல இருந்ததுங்கம்மா. அடியில இருந்ததெல்லாம் ஆசிட்டுல வெந்துபோச்சு."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. சத்தியமாக வந்தது. அண்ணன் வீட்டுக்குத் துரத்தப்பட இருக்கிற பொம்பளையின் முகத்தில் அப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. அப்புறம் பையை டயர் மேலேயே வைத்துவிட்டு எழுந்தார். டின்னை அவரே எடுத்துக்கொண்டார். நேரே புருஷனிடம் போய் நீட்டினார்.

"இது நான் போட்டதுதான்."

நாராயணப்பன் டின்னுக்குள் பார்த்தார். "நான் சொன்னேனில்ல" என்றார் வெங்கடசாமியிடம். ஆனால் காலையில் வந்தபோது இருந்த வேகம் குரலில் இல்லை. பூவையும் ராகியையும் அவரும் பார்த்துவிட்டார். அவரும் நிலத்துக்காரர்தானே.

"கண்ணாடி கால்மாட்டுல, கண்ணுல படாம பானட்டுச் சந்துல வெச்சேன். உள்ள எறங்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கல்லுன்னா எறங்காது" என்றார் ருக்மணியம்மா.

"இது காருடீ."

"காருதான். நெலத்தக் குடுத்து வந்தது இதுதானே? இதுக்கு ஊத்தாம வேற எதுக்கு ஊத்தறது?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குப் புடிச்சிருக்குதோ இல்லியோ, சோறு இதுதானே போடுது."

நாராயணப்பன் சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி கையை விட்டார், எடுத்தார். பிறகு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே என்றார். அதற்கு அந்த அம்மா, சொல்லிவிட்டுச் செய்கிற வழக்கம் யார் வீட்டில் இருக்கிறது, உங்கள் அம்மாதான் எனக்குக் கல்லைக் காட்டிக் கொடுத்தார்கள், அவர்கள் ஒருநாளாவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார்.  நாராயணப்பனுடைய தாயார் ஆயுசு முழுக்க வெள்ளிக்கிழமை விடியலில் எங்கே போய்வந்தார் என்பதை அவர் அந்த நிமிஷம்தான் யோசித்திருப்பார். ஆண்பிள்ளைகள் எழுந்து வரும்போது கல் நனைந்திருக்கும், பூ இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னிக்கி சொல்லிட்டேன். இதுவரைக்கும் செஞ்சதுக்குப் பலன் போச்சு" என்றார் ருக்மணியம்மா. அதைச் சொல்லும்போது மட்டும் கண் கலங்கியது.

 ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் தொட்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். ஏதாவது செய்துகொண்டிருந்தால் தேவலை போலிருந்தது.

நாராயணப்பன் வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். அதுவரை அவர் என் பெயரைச் சொன்னதில்லை. "திம்மப்பா, எந்த எடத்துல ஊத்தினா உள்ள போவாது?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் வண்டியைச் சுற்றி வந்தேன். பானட்டுக்கு நடுவில் ஊற்றினால் என்ஜினுக்கு இறங்கும். ஹெட்லைட் பக்கம் வேண்டாம். டயரில் ஊற்றலாம் என்றேன்.

"டயரா? அதுக்கு ஊர் நாயெல்லாம் தெனமும் ஊத்துதே" என்றார் வெங்கடசாமி.

ருக்மணியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாராயணப்பனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஆனால் அவர் உதடும் ஒருபக்கமாக இழுத்தது. கடைசியில் அந்த அம்மாவே இடம் பார்த்தார். முன்னால், நம்பர் பலகைக்குக் கீழே, வண்டி மேல் இல்லை, அதற்கு எதிரே தரையில். மண்ணுக்குத்தான் ஊற்ற வேண்டும், வண்டி அதைத் தாண்டிக்கொண்டு போகட்டும் என்றார். தெரியாமல் செய்ய முடியாதே இனிமேல் என்று வெங்கடசாமி கேட்டதற்கு, வீட்டுக்காரர் தூங்கிக்கிட்டுத்தானே இருப்பார் என்றார் அந்த அம்மா.

பேட்டரியை மறுபடி இறக்கினோம். பின்பக்கத்து போல்ட்டை நான் மாட்டினேன். இந்தமுறை எளிதாகப் போயிற்று, பழகின இடம் ஆகிவிட்டது. ஒரு பக்கெட் தண்ணீரைக் கண்ணாடி மேல் கொட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. முழுக்கத் தரைக்குப் போயிற்று. நனைந்த சாக்கை உருவி வேலி மேல் போட்டேன்.

நாராயணப்பன் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு முன்கதவைத் திறந்து வைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார், மனைவியிடம் இல்லை, ஸ்டீயரிங்கிடம் சொல்கிற மாதிரி. ருக்மணியம்மா டயர் மேல் இருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"துணியெல்லாம் மடிச்சாச்சு. அண்ணன் வூட்டுக்குத்தான் போறேன். தோப்புல காய் எறக்கறாங்களாம். வெசாழக்கெழம வந்துருவேன், வெள்ளிக்கெழம வேல இருக்குது."

நாராயணப்பன் அதை யோசித்தார். அனுப்பப்பட்டுப் போகிறவளும் தானாகப் போகிறவளும் ஒரே ரோட்டில்தான் போக வேண்டும். அந்த இரண்டில் எப்படிப் போவது என்று அந்த அம்மாவே முடிவு செய்துவிட்டார். இவர் செய்வதற்கு அதில் மிச்சம் ஒன்றும் இல்லை. ருக்மணியம்மா பின்கதவைத் திறக்காமல் முன்னால் வந்து, இடது பக்கம் உட்கார்ந்து, காலைக் கீழே வைத்தார்.

வண்டி வாசலைத் தாண்டி நின்றது. நாராயணப்பன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"வெங்கடசாமி, இந்தப் பக்கம் நல்ல மிட்டாய்க் கடை எது?"

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது என்று வெங்கடசாமி சொன்னார். மச்சான் வீட்டு வாசலுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்றுதான் கேட்கிறார். பெண்டாட்டியைத் திருப்பி விட்டுவிட்டு வரப்போகிற யாரும் இனிப்பு வாங்கிக்கொண்டு போவதில்லை.

வண்டி போனது. நான் கைகழுவப் போனேன். விரல் இடுக்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டும் உடனே போகவில்லை.